மன்னிப்பும் மனப்பாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தமிழில் நடைபெறும் தவக்காலத் தியானங்களிலும் வீட்டு ஜெபக்கூட்டங்களிலும் மன்னிப்பைப் பற்றிப் பேசப்படும் நாட்களில், உண்மையான கேள்விகள் கூட்டம் முடிந்த பிறகே வருகின்றன. மற்றவர்கள் தேநீர் குடித்துவிட்டுப் புறப்படும்போது, ஒருவர் மட்டும் கதிரைகளை அடுக்க உதவுபவர்போல் பின்தங்கி நின்று, தமது அண்ணனைப் பற்றியோ முன்னாள் முதலாளியைப் பற்றியோ பேசத் தொடங்குவார். கத்தோலிக்கர், அங்கிலிக்கர், மெதடிஸ்தர் என்ற வேறுபாடு இந்தக் கேள்விகளில் இல்லை. திரும்பத் திரும்ப வருபவற்றை, நாம் வழக்கமாகச் சொல்லும் பதில்களோடு இங்கே தந்திருக்கிறோம்.

மன்னிப்பது என்றால், நடந்தது தவறே இல்லை என்று ஏற்றுக்கொள்வதா?

இல்லை. தவறு நடக்காத இடத்தில் மன்னிப்பதற்கு ஒன்றுமே இல்லை. "பரவாயில்லை, விடுங்கள்" என்று நம்மவர்கள் சொல்வது பெரும்பாலும் பேச்சை முடித்துக்கொள்வதற்காகத்தானே தவிர, மன்னித்துவிட்டதால் அல்ல.

மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓர் ராஜா தன் ஊழியக்காரரிடம் கணக்குப் பார்க்க உட்காருவதில் தொடங்குகிறது. முதலில் கொண்டுவரப்பட்டவன் பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. அப்படிப் பார்த்தால் அவன் கடன் 6 கோடி நாட்களின் கூலி. தலைமுறை தலைமுறையாக உழைத்தாலும் கட்டித் தீராது. ராஜா அதைத் தள்ளிவிடுகிறார். வெளியே வந்தவனுக்கு உடன் ஊழியக்காரன் ஒருவன் தரவேண்டியிருந்தது 100 தெனாரியம். அதற்காக அவன் தொண்டையைப் பிடித்து நெரிக்கிறான். பிரசங்கங்களில் இந்த நூறை அற்பத் தொகை என்று சொல்லிவிட்டுப் போவதுண்டு. எமக்கு அதில் உடன்பாடில்லை. நூறு நாள் கூலி என்பது, வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போகும் ஒருவருக்கு ஏறத்தாழ நான்கு மாத உழைப்பு. சீட்டுப் பிடித்தவர் காசோடு மறைந்துபோக, அடுத்த மாத வாடகைக்கு வழியில்லாமல் நின்றவருக்கு அந்த நான்கு மாதம் எவ்வளவு என்பது தெரியும். அந்தக் கடன் இல்லை என்றோ சிறியது என்றோ இயேசு சொல்லவில்லை. அதைவிடப் பன்மடங்கு பெரியதொன்று உனக்குத் தள்ளப்பட்டிருக்கிறதே என்றுதான் கேட்கிறார்.

ஆகவே கணக்குப் பார்க்காமல் மன்னிப்பு இல்லை. என்ன பறிபோனது, யார் பறித்தார், அதனால் வாழ்க்கையில் என்னென்ன மாறிப்போயின என்பதை உள்ளபடி ஒத்துக்கொண்ட பிறகு, அதை வசூலிக்கும் உரிமையைக் கடவுளின் கையில் ஒப்படைத்துவிடுவதையே நாம் மன்னிப்பு என்கிறோம். "பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதிற்செய்வேன்" என்ற ரோமர் 12:19 வசனம் இந்த ஒப்படைப்புக்கான உறுதிமொழி. கணக்கு அழிந்துபோகவில்லை, வேறொருவர் பொறுப்புக்கு மாறியிருக்கிறது.

அப்படிக் கணக்குப் பார்ப்பது பழைய புண்ணைக் கிளறுவதாகாதா?

சிறிது வலிக்கும் என்பது உண்மை. ஆனால் பலர் தம்மை வாட்டுவது இன்னது என்று தெரியாமலே பல ஆண்டுகளாக வாடுகிறார்கள் என்பதை நாம் அடிக்கடி காண்கிறோம். காணிப் பிரச்சினையால் தம்பியோடு கதைக்காமலிருந்த ஓர் அம்மையாரிடம், அவர் உங்களுக்குச் செய்தவற்றை ஒவ்வொன்றாக எழுதுங்கள் என்று கேட்டிருந்தோம். மகளின் பழைய சீஆர் கொப்பியொன்றின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தார். முதல் மூன்று வரிகளும் காணி, உறுதி, கையெழுத்து என்றே இருந்தன. நான்காவது வரியில், "அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததை எனக்கு அறிவிக்கவில்லை" என்று எழுதி, அதற்குக் கீழே பேனையால் இரண்டு கோடு இழுத்திருந்தார். அதன்பின் காணியைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. எத்தனையோ உறவினர்கள் அந்தக் காணியைப் பங்கிட்டுக் கொடுத்து இருவரையும் சமாதானப்படுத்த முயன்றும் ஏன் முடியாமற்போனது என்பது அந்த வரியைப் பார்த்த பிறகே விளங்கியது. உண்மையான கடன் எதுவென்று தெரியாமல் வேறொன்றை மன்னித்துக்கொண்டிருந்தால் பாரம் குறையாது.

எழுதிய தாளைத் தியானத்தின் முடிவில் சட்டியில் போட்டு எரிக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. செய்ய விரும்புபவர்கள் செய்யலாம். எமக்கு அதில் பெரிய ஆர்வமில்லை, ஏனெனில் தாள் எரிந்த வேகத்திலேயே கோபமும் எரிந்துபோகவேண்டும் என்ற எதிர்பார்ப்பை அது உண்டாக்கிவிடுகிறது.

மன்னித்துவிட்டேன் என்று ஜெபித்தேன். ஆனால் அவரைக் கண்டவுடன் கோபம் திரும்ப வருகிறது. அப்படியென்றால் என் மன்னிப்பு பொய்யா?

பொய்யல்ல. மன்னிப்பதென்று முடிவெடுப்பது ஒன்று, அந்த முடிவுக்கு ஏற்ப உணர்வுகள் மாறிவருவது மற்றொன்று. மன்னிப்பைப் பற்றி நீண்டகாலம் ஆய்வு செய்த அமெரிக்க உளவியலாளர் எவரெட் வொர்திங்டன் இவ்விரண்டையும் பிரித்தே பேசுகிறார். கிறிஸ்தவரான அவருடைய தாயார் 1996ஆம் ஆண்டின் புத்தாண்டையொட்டித் தமது வீட்டுக்குள் புகுந்த திருடனால் கொல்லப்பட்டார் என்பதால், அவர் எழுதியவை வெறும் ஆய்வுக்கூடப் பேச்சு அல்ல. முடிவு ஒரு நாளில் எடுக்கப்படலாம். உணர்வு தன் வேகத்தில்தான் வரும்.

வேதாகமத்தில் இதற்குச் சிறந்த சாட்சி யோசேப்பு. பதினேழு வயதில் சகோதரர்களால் இருபது வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டவர், முப்பது வயதில் எகிப்தின் அதிகாரியாகிறார். பிறகு தமக்குப் பிறந்த முதல் மகனுக்கு மனாசே என்று பெயரிட்டு, என் வருத்தம் யாவையும் என் தகப்பன் வீட்டையும் மறக்கும்படி தேவன் செய்தார் என்கிறார். எல்லாம் முடிந்துவிட்டது என்று அவரே நம்பியிருக்கிறார். பஞ்சகாலத்தில் அதே சகோதரர்கள் தானியம் வாங்க வந்து முன்னால் நின்றபோது அவர்களோடு கடுமையாகப் பேசுகிறார், காவலில் வைக்கிறார், பின்பு அவர்களை விட்டு அப்புறம் போய் அழுகிறார். ஆதியாகமம் 42 முதல் 45 வரை அவர் அழும் இடங்களை மட்டும் தொடர்ந்து வாசித்துப் பாருங்கள்: முதலில் மறைவாக, பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வரும் அளவுக்கு, இறுதியில் வீட்டார் எல்லோருக்கும் கேட்கும்படி. மகனுக்கு மனாசே என்று பெயர் வைத்த நாளில் முடிந்துவிட்டதாக அவர் எண்ணியது உண்மையில் முடிந்தது இந்த மூன்றாவது அழுகையில்தான்.

எத்தனை தரம் மன்னிப்பது என்று பேதுரு கேட்டதற்கு ஏழு தரம் மாத்திரமல்ல, ஏழெழுபது தரம் என்று வந்த பதிலை, ஒரே மனிதர் பலமுறை செய்யும் குற்றங்களுக்கு மட்டுமல்லாமல், அவர் ஒருமுறை செய்த குற்றம் நம் மனதில் திரும்பத் திரும்ப எழும்போதும் பொருத்திப் பார்க்கலாம். அது எழும் ஒவ்வொரு தடவையும், "ஆண்டவரே, இதை ஏற்கெனவே உம்மிடம் கொடுத்துவிட்டேன்" என்று சொல்லி மறுபடியும் ஒப்படைப்பதே வேலை.

கோபப்படுவதே பாவம் அல்லவா?

அல்ல. "நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்" என்றுதான் எபேசியர் 4:26 சொல்கிறது. சங்கீதம் 13, "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று முறையிடுகிறது; சங்கீதம் 88 ஆறுதல் எதுவும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது; 109 எதிரியின் மேல் சாபங்களை அடுக்குகிறது. இவையெல்லாம் ஜெபங்களாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டுப் பாதுகாக்கப்பட்டவை. கோபத்தைக் கடவுளிடம் சொல்லலாம். அழகான வார்த்தைகளில்தான் சொல்லவேண்டும் என்றில்லை.

மன்னித்தால் பழையபடி உறவாட வேண்டுமா?

மன்னிப்பதற்கு ஒருவர் போதும். ஒப்புரவாவதற்கு இருவர் வேண்டும். "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" என்ற ரோமர் 12:18 வசனத்தில் பவுல் இரண்டு வரம்புகளை வைத்தே பேசுகிறார்: அது எப்போதும் கூடுவதில்லை, கூடினாலும் உங்கள் பங்கு மட்டுமே உங்கள் கையில் இருக்கிறது. யோசேப்பும் சகோதரர்களை உடனே கட்டித்தழுவவில்லை. அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று சோதித்தார். தம்பி பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று அவர்களில் ஒருவனான யூதா முன்வந்த பிறகுதான் தம்மை வெளிப்படுத்தினார். ஆகவே ஏமாற்றியவரை மன்னித்துவிட்டு, அவரிடம் மீண்டும் சீட்டுக்காசு கொடுக்காமலிருப்பதில் எந்த முரண்பாடும் இல்லை.

இந்தக் கேள்வியைக் கணவனால் அடிக்கப்படும் பெண் கேட்டால், பதிலை இன்னும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். "சிலுவையைச் சுமந்துகொள், பிள்ளை, ஜெபி, அவர் திருந்துவார்" என்று சொல்லி அவளைத் திரும்ப அந்த வீட்டுக்கே அனுப்பிய பெரியவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். அது ஆலோசனை அல்ல, கைவிடுதல். அவள் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போகவேண்டும். மன்னிப்பைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு, அவள் விரும்பும் காலத்தில் வரட்டும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கானது 1929. இந்த இலக்கங்களை அழைப்பதால் யாருடைய விசுவாசமும் குறைந்துவிடாது.

அவர் மன்னிப்பே கேட்கவில்லையே?

லூக்கா 17:3 மனஸ்தாபப்பட்டவனை, அதாவது தன் தவறுக்காக மனம் வருந்தியவனை, மன்னிக்கச் சொல்கிறது. லூக்கா 23:34இல் இயேசு மனஸ்தாபப்படாதவர்களுக்காக, "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்று வேண்டுகிறார். முதலாவது, உறவு திரும்பக் கட்டப்படுவதைப் பற்றியது. அதற்கு மற்றவரின் மனமாற்றம் அவசியம். இரண்டாவது, நம் உள்ளத்திலிருக்கும் பழியைப் பற்றியது. அதற்கும் அவரது மனமாற்றம்தான் வேண்டும் என்று காத்திருந்தால், நம் நிம்மதியின் சாவியை அவர் சட்டைப்பையிலேயே விட்டுவைத்ததாகிவிடும்.

மன்னித்த பிறகு வழக்குத் தொடரலாமா? நீதி கேட்பது பழிவாங்குவதாகாதா?

இந்தக் கேள்விக்குக் கொழும்பில் ஏட்டுப்பதில் தேவையில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், தலைநகரின் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மறு ஆண்டு உயிர்த்த ஞாயிறு அன்று கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை, தாக்கியவர்களைத் திருச்சபை மன்னித்துவிட்டது என்று பகிரங்கமாகச் சொன்னார். அதே ஆண்டகைதான், உண்மை வெளிவரவேண்டும், பொறுப்பானவர்கள் பதில் சொல்லவேண்டும் என்று அதன்பின்னும் ஓயாமல் கேட்டுவந்தார். பாதிக்கப்பட்ட குடும்பத்தினர் உட்படப் பலர் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுக்களின் மீது, 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபாய் நட்டஈடு செலுத்தவேண்டும் என்று உத்தரவிட்டது.

இதில் முரண்பாடு காண்பவர்கள் உண்டு. எமக்கு அப்படித் தோன்றவில்லை. பழியை விட்டுவிடுவது தனிமனிதரின் உள்ளத்தில் நடப்பது. நீதி என்பது, நாளை இன்னொருவர் பிள்ளை அதே வாசலில் சாகாமலிருப்பதற்காக நாடு செய்யவேண்டியது. எதிராளி துன்பப்படுவதைக் காண்பதற்காகவே வழக்கை நடத்துகிறேனா என்பதை மட்டும் ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக்கொள்ளட்டும். சிறிய கொடுக்கல் வாங்கல்களுக்கும் அயலவர் தகராறுகளுக்கும் மத்தியஸ்த சபை இருக்கிறது. முகத்துக்கு முகம் பேசக் கிடைக்கும் இடம் என்பதால், பல குடும்பங்களுக்கு நீதிமன்றத்தைவிட அது நல்லது.

83 ஜூலைக் கலவரத்தில் எங்கள் வீட்டைக் கொளுத்தியவர்கள் யாரென்றே தெரியாது. யாரை மன்னிப்பது?

இதைக் கேட்பவர்கள் இப்போது வயோதிபர்கள். இரத்மலானை விமான நிலைய முகாமில் இருந்துவிட்டுக் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனவர்கள், பல ஆண்டுகளுக்குப் பிறகு வெள்ளவத்தைக்கே திரும்பிவந்து, ஒருகாலத்தில் தமது வீடு நின்ற ஒழுங்கையைத் தாண்டி மீன் வாங்கப் போகிறவர்கள். இவர்களுக்கு விரைவான பதில் சொல்வது அவமரியாதை.

எம்மால் சொல்லக்கூடியவை சிலவே. ஒருவருக்கு இழைக்கப்பட்டதை இன்னொருவர் அவர் சார்பில் மன்னிக்க முடியாது; ஆகவே மேடையிலிருந்து ஒருவர், நாமெல்லாம் மன்னித்துவிட்டோம் என்று அறிவித்தால் அது உங்களைக் கட்டுப்படுத்தாது. அடுத்தது, முகம் தெரியாத குற்றவாளியின் இடத்தில் ஒரு முழு இனத்தை வைத்துவிடும் ஆபத்து. அதே ஜூலையில் சிங்கள அயலவர்கள் தம் வீட்டு அறைக்குள் பூட்டி வைத்துக் காப்பாற்றிய கதை இல்லாத தமிழ்க் குடும்பம் கொழும்பில் குறைவு. கணக்கை நேர்மையாக எழுதுவதாயின் அந்த வரியையும் எழுதத்தான் வேண்டும். மீதியை, பெயர் தெரிந்த கடவுளிடம் பெயர் தெரியாதவர்களின் கணக்காக ஒப்படைக்கலாம்.

காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மாரிடம் மன்னிப்பைப் பற்றி நாம் பேசுவதில்லை. பிள்ளைக்கு என்ன நடந்தது என்றே தெரியாதபோது பார்ப்பதற்குக் கணக்கே இல்லை. அவர்களோடு உட்கார்ந்திருப்பதும், அவர்கள் கேட்கும் உண்மையைச் சேர்ந்து கேட்பதுமே நம் கடமை.

என்னையே என்னால் மன்னிக்க முடியவில்லை. என்ன செய்வது?

அப்பாவின் செத்தவீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து வரமுடியாமற்போனவர், கோபத்தில் சொன்ன ஒரு சொல்லோடு மகனை இழந்தவர், குடியால் சீதனக் காசை அழித்தவர் எனப் பலரும் இதே வார்த்தைகளில் கேட்கிறார்கள். ஆனால் மூவரின் நிலையும் ஒன்றல்ல. வீசா கிடைக்காததால் வராமற்போனது குற்றமே அல்ல; அது துக்கம். துக்கத்துக்கு மன்னிப்பு மருந்தாகாது, அழுவதற்கு இடம்தான் வேண்டும்.

உண்மையாகவே தவறு செய்தவருக்கு வேதம் காட்டும் வழி, தன்னைத்தானே மன்னித்துக்கொள்வது அல்ல. கொடுக்கப்படும் மன்னிப்பை வாங்கிக்கொள்வது. மூன்று முறை மறுதலித்த பேதுருவிடம், உயிர்த்த இயேசு கடற்கரையில் கரிநெருப்பின் அருகே மூன்று முறை, என்னை நேசிக்கிறாயா என்று கேட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு பொறுப்பைக் கொடுத்தார். நடந்ததை மறைக்கவும் இல்லை, அதையே சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கவும் இல்லை. கத்தோலிக்கருக்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. மற்றவர்கள் நம்பிக்கையான போதகரிடம் வாய்விட்டுச் சொல்லலாம். அதோடு, திருப்பிக் கொடுக்கக்கூடியதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். சீதனக் காசை அழித்தவர் மாதம் ஐயாயிரம் ரூபாயாவது மனைவியின் கையில் கொடுக்கத் தொடங்கலாம். இவ்வளவுக்குப் பிறகும் நெஞ்சு குற்றஞ்சாட்டினால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவர் என்ற 1 யோவான் 3:20 அதற்காகவே எழுதப்பட்டது.

இறந்துபோனவரை மன்னிக்கலாமா?

மன்னிக்கலாம். கணக்கு இருப்பது உங்களிடம்தான். கனத்தையிலோ மாதம்பிட்டியிலோ கல்லறைக்குப் போய்ச் சொல்வது சிலருக்கு உதவுகிறது. வீட்டில் படத்தின் முன் சொன்னாலும் போதும்.

மன்னித்துவிட்டேன் என்று அவரிடம் சொல்ல வேண்டுமா?

அவர் கேட்டிருந்தால் சொல்லவேண்டும். கேட்காதவரிடம், தாம் தவறு செய்ததையே உணராதவரிடம் போய், உங்களை மன்னித்துவிட்டேன் என்பது குற்றச்சாட்டாகவே காதில் விழும். புதிய சண்டை தொடங்கும். குடும்ப வாட்ஸப் குழுவில் இதை வசனத்தோடு பதிவிடுவதைத் தயவுசெய்து தவிருங்கள். சொன்னாலும் உடனே நம்பப்படுவீர்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்: யோசேப்பின் சகோதரர்கள் எகிப்தில் பதினேழு ஆண்டுகள் அவரது ஆதரவில் வாழ்ந்த பிறகும், தகப்பன் இறந்தவுடன், இனி பழிவாங்குவானோ என்று பயந்து ஆளனுப்பினார்கள். அதைக் கேட்டு யோசேப்பு அழுதார். "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்" என்பதை அப்போதும் அவர் மறைக்கவில்லை. ஆனாலும் அவர்களையும் அவர்கள் குழந்தைகளையும் பராமரிப்பேன் என்றார்.

ஜெபித்தும் பாரம் குறையவில்லை. யாரிடம் போகலாம்?

பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ நேரம் கேட்டுத் தனியாகச் சந்தியுங்கள். பூசை முடிந்து வாசலில் நிற்கும் இரண்டு நிமிடம் இதற்குப் போதாது. நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, நடந்ததே கண்முன் ஓடிக்கொண்டிருக்கிறது, வாழ்வதில் பயனில்லை என்று தோன்றுகிறது என்றால் அது மன்னிக்காததன் தண்டனை அல்ல. வைத்தியம் தேவைப்படும் நிலை. மாத்திரை எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் அவரிடம் ஆலோசனை கேட்பதை நிறுத்திவிடுங்கள். பவுலோடு பயணம் செய்த லூக்காவே வைத்தியர்தான். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை எந்த நேரத்திலும் அழைக்கலாம். பெயர் சொல்லாமல் மனம்விட்டுப் பேச விரும்புபவர்களுக்கு 1974 முதல் இயங்கிவரும் சுமித்ரயோ என்ற அமைப்பு இருக்கிறது. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் எம்மில் ஒருவர் கூட வருவார்.